கிட்டங்கியும் முகாமும்: ப. சிங்காரத்தின் நாவல்களில் சமூகவயமாதலும் மீள்சமூகவயமாதலும்

முன்னுரை

ப. சிங்காரம் (1920–1997) எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூல்வடிவம் பெற்றன. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலேயாவிலும் சுமத்ராவிலும் வாழ்ந்த தமிழ் இளைஞர்களின் கதையைச் சொல்பவை. தமிழ்த் திறனாய்வு இவ்விரண்டில் பின்னதையே பெரிதும் போற்றியுள்ளது. அதன் விரிந்த களமும், எள்ளலும், நினைவோட்ட நடையும் அதற்குக் காரணங்களாயின. முன்னது கைகூடாத காதலின் கதையாகவும், பின்னால் வந்த பெரும்படைப்பிற்கான முன்முயற்சியாகவுமே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது.

இம்மதிப்பீட்டை மறுஆய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மனிதன் ஒரு சமூக அமைப்பில் வார்க்கப்படுவதும், வேறோர் அமைப்பில் மீண்டும் வார்க்கப்படுவதும், பின்னர்ப் பழைய அமைப்பிற்குத் திரும்ப முயல்வதுமாகிய மூன்று நிலைகளையும் அளவாக எடுத்துக்கொண்டால், மூன்றாம் நிலையை ‘கடலுக்கு அப்பால்’ அளவிற்கு நுட்பமாகக் காட்டிய தமிழ் நாவல்கள் மிகச் சிலவே. ‘புயலிலே ஒரு தோணி’ அந்நிலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. இக்கருத்து பின்வரும் பகுதிகளில் நிறுவப்படுகிறது.

கருத்துச் சட்டகம்

சமூகவயமாதல் குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்பது சமூகவியலின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966இல் வெளியிட்ட நூலில் முதன்மைச் சமூகவயமாதல், இரண்டாம்நிலைச் சமூகவயமாதல் எனும் இரண்டையும் வேறுபடுத்தினர். வீடும் ஊரும் தருவது முதலாவது. தொழிலும் நிறுவனமும் தருவது இரண்டாவது. இவற்றிற்கு அப்பால், ஒருவனுடைய உலகப் பார்வையையே மாற்றியமைக்கும் மீள்சமூகவயமாதல் ஒன்றும் உண்டு. அது நிலைபெற வேண்டுமானால், மாறிய மனிதனை மாறியவனாகவே ஏற்று நாள்தோறும் உறுதிசெய்யும் ஒரு கூட்டம் அவனைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர். அக்கூட்டம் கலைந்தால் மாற்றமும் ஆட்டம் காணும்.

எர்விங் காஃப்மன் 1961இல் வெளியிட்ட நூலில் ‘முழுமை நிறுவனம்’ என்னும் கருத்தாக்கத்தை விளக்கினார். உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், ஒரே தோழர்களுடன், வகுக்கப்பட்ட காலக்கணக்கின்படி நிகழும் இடங்களை அவர் அப்பெயரால் சுட்டினார். படைமுகாம், சிறை, மனநல மருத்துவமனை, துறவியர் மடம் ஆகியன அவர் காட்டும் சான்றுகள்.

இவ்விரு நூல்களும் வெளிவருவதற்கு முன்பே ‘கடலுக்கு அப்பால்’ அச்சேறிவிட்டது. ஆகவே, கோட்பாட்டை நாவலில் பொருத்திப் பார்ப்பது இங்கு நோக்கமன்று. கோட்பாட்டாளர்கள் பொதுமையில் உரைத்ததைச் சிங்காரம் ஒரு வட்டிக்கடையின் தரையிலிருந்து எவ்வாறு கண்டறிந்தார் என்பதே ஆராயத்தக்கது. அவர் 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடைப் பணியாளராகச் சென்றவர். 1946இல் தமிழகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றியவர். வார்க்கப்படுதலும் திரும்பி வருதலும் அவர் நேரில் அறிந்தவை.

கிட்டங்கி என்னும் வார்ப்படம்

தென்கிழக்காசியாவில் தமிழர் நடத்திய வட்டித்தொழில், நாட்டுக்கோட்டை நகரத்தாரால் உருவாக்கப்பட்ட ஒழுங்கைப் பின்பற்றியது. பிற சமூகத்தாரும் அத்தொழிலில் இறங்கியபோது அவ்வொழுங்கையே மேற்கொண்டனர். பல கடைகள் ஒரே நீண்ட கட்டடத்தினுள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அக்கட்டடமே கிட்டங்கி. ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டியும், அதன் அருகில் பாயும், கணக்கேடுகளும் இருக்கும். பகலில் தொழில் நடக்கும் அதே இடத்தில் இரவில் படுக்கை விரியும். சமையல் பொது. சென்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்ற ஆண்கள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்த பின்னரே ஊர் திரும்புதல் வழக்கம்.

இங்கே படிநிலை மிகத் தெளிவானது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என ஏறிச் செல்லும் அவ்வரிசையில் ஒவ்வொருவனும் தனக்கு மேலே இருப்பவனைப் பார்த்தே தன் எதிர்காலத்தைக் கற்றுக்கொள்கிறான். பெட்டியடிப் பையனுக்குக் கணக்கு கற்பிக்கப்படுவது பின்னர். முதலில் கற்பிக்கப்படுவது உடலின் ஒழுங்கு. எங்கே உட்காருவது, யார் முன் எழுந்து நிற்பது, எத்துணை மெல்லப் பேசுவது, கடன் கேட்டு வந்தவனிடம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பனவெல்லாம் சொல்லித்தரப்படாமலேயே படிகின்றன. பேரேடும் ஐந்தொகையும் அதன்பின் வருகின்றன.

காஃப்மன் வகுத்த இலக்கணங்கள் அனைத்தும் கிட்டங்கியில் பொருந்துகின்றன. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. சிறையும் முகாமும் உள்ளே வருபவனின் பழைய அடையாளத்தைக் களைந்துவிட முயல்வன. கிட்டங்கியோ ஊரின் அடையாளத்தை முன்னினும் இறுக்கமாகக் கட்டிக்காக்கிறது. சாதி, ஊர், வகையறா, விலாசம் ஆகியவையே ஒருவனை நம்புவதற்கான பிணை. கடல் கடந்து வந்த இளைஞன் மலாய் பேசக் கற்கிறான், சீனரோடும் தொழில் பேசுகிறான். எனினும் அவனுடைய உள்ளக் கணக்கு ஊரில்தான் எழுதப்படுகிறது. வீடு கட்டுவது, நிலம் வாங்குவது, திருமணம் செய்வது ஆகிய மூன்றும் ஊரை நோக்கியவை. தன்னைச் சேமித்துவைத்துத் திருப்பி எடுத்துச் செல்வதற்கான பயிற்சியைக் கிட்டங்கி தருகிறது எனலாம்.

முகாம் என்னும் மறுவார்ப்படம்

1941 டிசம்பரில் பினாங்கின் மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே மாதத்தில் ஆங்கிலேயர் அத்தீவை விட்டு நீங்கினர். தொழில் நிலைகுலைந்தது. ஊருக்கான கப்பல் நின்றது. மூன்றாண்டுக் கணக்கு என்னும் காலவரையறையே பொருளற்றுப்போயிற்று. 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21இல் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மலேயாவின் தோட்டங்களிலிருந்தும் நகரக் கடைகளிலிருந்தும் தமிழர்கள் பெருந்திரளாகப் படையில் சேர்ந்தனர்.

வட்டிக்கடை இளைஞன் முகாமிற்குள் நுழையும்போது அவன் கற்றவை ஒவ்வொன்றும் தலைகீழாகின்றன. தரையில் அமர்ந்தவன் நிமிர்ந்து நிற்கப் பழக்கப்படுகிறான். மெல்லப் பேசியவன் உரக்கக் கட்டளையிடக் கற்கிறான். விலாசத்தால் அறியப்பட்டவன் பதவிப் பெயரால் அழைக்கப்படுகிறான். கட்டளைகள் இந்துஸ்தானியில் ஒலிக்கின்றன. சாதியும் வகையறாவும் ஒரே உணவுக்கூடத்தில் கரைகின்றன. பொருளைக் காப்பது அறமென்றிருந்தவனுக்கு உயிரையே கொடுப்பது அறமெனக் கற்பிக்கப்படுகிறது.

இங்கே சிங்காரத்தின் நுண்மை புலப்படுகிறது. அவருடைய நாயகர்கள் முகாமில் எளிதாகப் பொருந்திவிடுகிறார்கள். அதற்கு வீரமோ நாட்டுப்பற்றோ மட்டும் காரணமன்று. வீட்டை விட்டு நீங்கி ஆண்களிடையே வாழ்வது, அதிகாலையில் எழுவது, மூத்தோர் ஆணைக்குக் கட்டுப்படுவது, குறைந்த உறக்கத்தோடு உழைப்பது ஆகியவற்றை அவர்கள் கிட்டங்கியிலேயே பழகியவர்கள். முதல் நிறுவனம் தந்த ஒழுங்கே இரண்டாம் நிறுவனத்திற்கு அடித்தளமாகிறது. மீள்சமூகவயமாதல் வெற்றுத்தரையில் நிகழ்வதில்லை என்பதற்கு இது தக்க சான்று. மாறியது ஒழுங்கின் திசை. கிட்டங்கியில் அடங்கியிருந்தவன் பின்னாளைய வருவாய்க்காக அடங்கியிருந்தான். முகாமில் அவன் அடங்கியிருப்பது தன்னினும் பெரிதென அவன் நம்பும் ஒன்றிற்காக.

திரும்புதலும் மறுக்கப்படுதலும்

1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைந்தது. படை கலைந்தது. பெர்கரும் லுக்மனும் கூறும் அந்த உறுதிசெய்யும் கூட்டம் ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. நேற்றுவரை அதிகாரியாகவும் வீரனாகவும் இருந்தவன் இன்று வேலையற்ற இளைஞன். ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் உண்மையான கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

செல்லையா, வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்துப் படைக்குச் சென்றவன். பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். போரில் மகனை இழந்த பிள்ளைக்குத் தொழிலை ஒப்படைக்க ஒரு மருமகன் தேவை. செல்லையாவின் நாணயத்தையோ உழைப்பையோ அவர் ஐயுறவில்லை. எனினும் மகளை அவனுக்குக் கொடுக்க மறுத்து, கடையிலேயே இருந்துவிட்ட நாகலிங்கத்தைத் தேர்கிறார். துப்பாக்கி பிடித்தவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் கொண்ட முடிவு.

மேலோட்டமான வாசிப்பில் இது பிடிவாதம் மிக்க ஒரு தந்தையின் கொடுமை. கூர்ந்து நோக்கின், பிள்ளை சொல்வதில் அவருடைய தொழிலுக்குரிய நியாயம் உண்டு. வட்டித்தொழிலின் முதல், பெட்டியிலுள்ள பணம் மட்டுமன்று. கடன்காரன் ஏசினாலும் முகம் சிவக்காமல் உட்கார்ந்திருக்கும் பொறுமையும் அதன் முதலே. அவமதிப்பை வாங்கிக்கொண்டு தவணையை வாங்காமல் திரும்பி, மறுநாளும் அதே வாசலில் நிற்பதே அத்தொழிலின் திறம். எதிரியை நேருக்கு நேர் நின்று வீழ்த்தப் பழகியவனிடம் அப்பொறுமை எஞ்சியிருக்குமா என்பது பிள்ளையின் ஐயம். செல்லையாவைக் குற்றவாளி என்று அவர் கருதவில்லை. வேறு வார்ப்படத்தில் இறுகிவிட்டவன் என்று கருதுகிறார்.

செல்லையா தன்னைத் திருப்பி வார்த்துக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறான். அவன் கேட்பது பழைய பாயும் பழைய பெட்டியும்தான். ஆனால் ஒருவன் பழையவனாவதற்கு அவனுடைய விருப்பம் போதுவதில்லை. பழையவனென்று அவனைக் காண்பதற்குப் பிறரும் உடன்பட வேண்டும். வயிரமுத்துப் பிள்ளை அந்தப் பார்வையைத் தர மறுக்கிறார். இந்நாவலின் தனிச்சிறப்பு இதில் உள்ளது. மீள்சமூகவயமாதலைத் தனிமனிதனின் உள்ளத்தில் நிகழும் போராட்டமாக மட்டும் காட்டும் வழக்கத்திலிருந்து விலகி, அதை ஏற்பவருக்கும் ஏற்கப்படுபவனுக்கும் இடையிலான வழக்காகச் சிங்காரம் முன்வைக்கிறார். வழக்கில் இரு தரப்பும் நேர்மையானவை என்பதால் துயரம் ஆழமாகிறது.

பிள்ளையும் போரால் தாக்குண்டவர் என்பது நினைவிற்குரியது. மகனின் சாவு அவரையும் மாற்றியிருக்கக்கூடும். உலகம் மாறிவிட்டதென அவர் ஒப்புக்கொண்டால், மகன் இருந்த உலகம் மீளாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கடையைப் பழைய ஒழுங்கிலேயே நிறுத்திவைப்பது ஒருவகையில் அவர் துக்கத்தைத் தாங்கும் முறை எனலாம். செல்லையாவை ஏற்பதற்கு அவரே ஒரு மீள்சமூகவயமாதலுக்கு உட்பட வேண்டும். முதுமையின் வாயிலில் நிற்கும் அவருக்கு அது இயலவில்லை. வாழ்நாள் முழுவதும் தொடரும் வார்ப்பு எல்லா வயதிலும் ஒரே எளிமையோடு நிகழ்வதில்லை என்பதை இப்பாத்திரம் உணர்த்துகிறது.

ஆறுதலின் தன்மை

நாவலின் இறுதியில் நண்பன் மாணிக்கம் செல்லையாவைத் தேற்றுகிறான். சிலப்பதிகாரம் முதலிய இலக்கிய நினைவுகள் அவன் பேச்சில் இடம்பெறுகின்றன. இழப்பை ஏற்றுக்கொள்ளுமாறும், உள்ளம் நிலைகுலையாதிருக்குமாறும் அவன் அறிவுறுத்துகிறான். செல்லையா விலகிக்கொள்கிறான்.

இம்முடிவைத் துறவு மனநிலையின் வெற்றியாகக் கொள்வோர் உண்டு. வேறொரு வாசிப்பும் இயலும். கிட்டங்கி செல்லையாவை ஏற்கவில்லை. முகாம் கலைந்துவிட்டது. எஞ்சியிருப்பது இவ்விரண்டிற்கும் முன்பு ஊரும் மொழியும் தந்த முதன்மைச் சமூகவயமாதல் ஒன்றே. பிறந்த மொழியின் காப்பியக் கதைகள் அங்கிருந்தே எழுந்து வருகின்றன. பின்னால் கட்டிய இரண்டு தளங்களும் சரிந்தபோது அவன் நிற்பது அடித்தளத்தில். அந்த அடித்தளம் அவனைத் தாங்குகிறது. ஆயினும் அது அவனுக்கு ஒரு தொழிலையோ துணையையோ தரவில்லை. பொறுத்துக்கொள்ளும் வலிமையை மட்டுமே தருகிறது. சிங்காரம் இதனைப் பெரிய விடுதலையாக மிகைப்படுத்தவில்லை என்பது அவருடைய எழுத்தின் நேர்மைக்குச் சான்று.

பாண்டியன்: தேர்விற்கு வராத திரும்புதல்

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனும் வட்டிக்கடைப் பணியாளனே. மெடானிலிருந்து தொங்கானில் கடல் கடந்து பினாங்கு வந்து, படையில் சேர்ந்து, போருக்குப் பின் இந்தோனேசிய விடுதலைப் போராட்டத்தில் டச்சுக்காரருக்கு எதிராகப் போரிடுகிறான். அவனுடைய நினைவோட்டத்தில் சின்னமங்கலமும் மதுரை வீதிகளும் ஓயாமல் குறுக்கிடுகின்றன. கிட்டங்கி, முகாம், காட்டுப்போர் என ஒவ்வொரு அடுக்கும் முந்தியதன் மேல் படிகிறதேயன்றி அதை அழிக்கவில்லை என்பதை அந்நடை சிறப்பாகப் புலப்படுத்துகிறது. இவ்வகையில் அந்நாவலின் கலைச்சாதனை மறுக்கவொண்ணாதது.

ஆனால் ஊர் திரும்ப முடிவெடுத்த நிலையில் பாண்டியன் சுடப்பட்டு இறக்கிறான். சின்னமங்கலம் அவனை எவ்வாறு ஏற்றிருக்கும் என்னும் வினா எழாமலேயே போகிறது. சாவு அவனை நாயகனாகவே நிறுத்திவிடுகிறது. செல்லையாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் உயிரோடு திரும்பி வந்து, முன்பு வேலை பார்த்த கடையின் வாசலில் நின்று, வேண்டாமென்ற சொல்லைக் கேட்கிறான். காவியத்தன்மையில் பின்னைய நாவல் உயர்ந்தது. மீள்சமூகவயமாதலின் மிகக் கடினமான கட்டத்தை எதிர்கொள்ளும் துணிவில் முன்னைய நாவல் உயர்ந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒன்றை மற்றதன் முன்முயற்சியாக ஒதுக்குவது பொருந்தாது.

நாவல்களின் எல்லைகள்

சிங்காரத்தின் பார்வைக்கு எல்லைகளும் உண்டு. முதலாவது, மரகதத்தின் நிலை. பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலில், கடல் கடந்த மண்ணில் பெற்றோரோடு வாழும் பெண் அவள். தமிழ்நாட்டு வீட்டின் ஒழுங்கை அந்நிய நகரில் கற்பிக்கப்பட்டவளின் உள்ளம் எவ்வாறு உருவாகியிருக்கும் என்பது வளமான கேள்வி. நாவல் அவளைப் பெரிதும் விருப்பத்திற்கும் கண்ணீருக்கும் உரியவளாகவே காட்டுகிறது. அதே மலேயாவில் 1943இல் தோன்றிய ராணி ஜான்சிப் படைப்பிரிவில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அவர்கள் வீடு திரும்பியபோது எதிர்கொண்ட பார்வை செல்லையா கண்டதினும் கடுமையாக இருந்திருக்கக்கூடும். அக்கதை இந்நாவல்களில் மையம் பெறவில்லை.

இரண்டாவது, தோட்டத் தொழிலாளர். படையில் சேர்ந்தவர்களுள் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கங்காணியின் முன் குனிந்து நின்றவர்கள் முகாமில் நிமிர்ந்து நடக்கக் கற்றார்கள். போருக்குப் பின் அவர்கள் திரும்பியது அதே தோட்டங்களுக்கு. அவர்கள் கற்ற நிமிர்வு தோட்டத்தில் என்னவாயிற்று என்னும் வினா, கிட்டங்கியை மையமாகக் கொண்ட சிங்காரத்தின் புனைவில் போதிய இடம் பெறவில்லை. மலேசியத் தமிழ்ப் புனைகதைகளை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது பயன்தரும்.

நிறைவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன. வட்டிக்கடையும் படைமுகாமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், ஒன்று தந்த ஒழுங்கின் மேலேயே மற்றது எழுகிறது. முகாம் தந்த மாற்றம், அம்முகாம் கலைந்தவுடன் தன்னைத் தாங்கும் கூட்டத்தை இழக்கிறது. பழைய அமைப்பிற்குத் திரும்புவது திரும்புபவனின் முயற்சியால் மட்டும் நிறைவேறுவதன்று. ஏற்பவர்களும் தம்மை மாற்றிக்கொண்டாலன்றி அது நிகழாது. இம்மூன்றாம் உண்மையை முழுமையாக எதிர்கொண்ட படைப்பு ‘கடலுக்கு அப்பால்’. அதனைத் தனித்த மதிப்புடைய நாவலாக வாசிப்பதே முறை.

இவ்வினா 1945உடன் முடிந்துவிட்டதன்று. இலங்கையில் 2009இல் போர் முடிந்த பின் முன்னாள் போராளிகள் பல்லாயிரவர் அரசின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு, பின்னர் ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். தையலும் தச்சும் கணினியும் கற்பித்து, சான்றிதழ் அளித்து, ஒருவரைக் குடிமக்களுள் ஒருவராக மீண்டும் ஆக்கிவிடலாம் என்பது அத்திட்டத்தின் அடிப்படை எண்ணம். அவர்களுக்கு வேலை தருவோர், பெண் கொடுப்போர், அயலில் வாழ்வோர் ஆகியோரின் பார்வையை எந்தச் சான்றிதழும் மாற்றித் தருவதில்லை. போருக்குப் பிந்திய ஈழத்துப் புனைகதைகளையும் தன்வரலாறுகளையும் வாசிப்போர், வயிரமுத்துப் பிள்ளையின் கடைவாசலில் நின்ற செல்லையாவையும் உடன் வைத்து வாசிப்பது பொருத்தமாகும். அவ்வாறு வாசிக்கும்போது, திரும்பி வந்தவர்கள் எத்துணை மாறினார்கள் என்னும் கேள்வியோடு, அவர்களை ஏற்க வேண்டியவர்கள் எத்துணை மாற ஆயத்தமாயிருந்தார்கள் என்னும் கேள்வியும் திறனாய்வின் பொருளாகும்.